சுவரோடு பேசியவர்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது.

என் புத்தகம் ஒன்றின் மெய்ப்புத் திருத்தத்தைக் கொடுக்கப் பதிப்பகத்துக்குப் போயிருந்தேன். பதிப்பகம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. பின்னறையில் பதிப்பாளர், முன்னறையில் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு மேசை. மேசையின் எதிர்ப்பக்கம் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கெட்டி அட்டை போட்ட வெளிநாட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. அரைமணி நேரம் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் வேலை பார்த்தோம். பிறகு தேநீர் வந்தது. தேநீர் வந்தால் யாராவது வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்.

"என்ன புத்தகம்?" என்றேன்.

"நம்ம ஜனங்களைப் பத்தி மேல்நாட்டு அம்மா ஒருத்தங்க எழுதின ஆராய்ச்சி. நான் மொழிபெயர்க்கிறேன்." ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இதுல ஏழாவது அத்தியாயம் முழுக்க எங்க வீடு."

என் கை தானாகப் பைக்குள் போய்க் குறிப்பேட்டை வெளியே எடுத்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். சிரித்தாள்.

"நீங்களுமா?"

அந்த 'உமா'வில்தான் இந்தக் கதை பிறந்தது. (உமா என்று யாரும் வரப்போவதில்லை. நான் சொல்வது விகுதியை.)

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவது:

'கடந்த இருநூறு ஆண்டுகளாக மேற்குலக அறிஞர்கள் பிற நாட்டு மக்களை விவரித்த முறையில், பார்ப்பவர் அறிபவராகவும் பார்க்கப்படுபவர் அறியப்படும் பொருளாகவும் ஆக்கப்பட்டு, அதன் வழியே'

இங்கேயே நிறுத்திவிட்டேன். சொல்வதில் தப்பில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் குடியிருக்க ஆளே இல்லை.

இரண்டாவது:

'மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மாலையில், மொழிபெயர்ப்பாளர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோது'

அன்று மழையே இல்லை என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். காலை பதினொன்றேகால், நல்ல வெயில், கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டைப் பற்றி ஒருத்தி தப்பாக எழுதிய கதையைச் சொல்ல வந்த நான், முதல் வரியிலேயே பெய்யாத மழையைப் பெய்யவிட்டால் நன்றாகவா இருக்கும்?

மூன்றாவதுதான் கீழே வருவது. அலங்காரம் கிடையாது.

3.

நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது, அவர்கள் வீட்டு மாடியறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் குடிவந்தாள். முப்பத்துமூன்று வயது. பதினொரு மாதம் இருந்தாள். எங்கே போனாலும் கையில் நோட்டு. குழாயடியில் நோட்டு, கல்யாண வீட்டில் நோட்டு, சாவு வீட்டிலும் ஓரமாக நின்று நோட்டு. தெரு அவளுக்கு 'நோட்டம்மா' என்று பெயர் வைத்தது. நோட்டுப் புத்தகம் வைத்திருப்பதாலா, நோட்டம் பார்ப்பதாலா என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்றார்கள். உண்மைப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நுழையாததால் யாருக்கும் நினைவிலும் நிற்கவில்லை.

அவள் ஊர் திரும்பிப் புத்தகம் எழுதினாள். ஊர்ப்பெயரை மாற்றி, ஆட்கள் பெயரை எடுத்துவிட்டு எழுதினாள். புத்தகம் பெரிய பேர் வாங்கியது. பல பதிப்புகள் கண்டு, கடல் தாண்டி நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளரே கல்லூரியில் அதன் சுருக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள். 'சுவர்மொழி என்றால் என்ன? விளக்குக' என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு வாங்கியிருக்கிறாள். தன் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தெரியாமலேயே.

இருபது வருடம் கழித்து, பதிப்பாளர் முழுப் புத்தகத்தையும் அவளிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். ஆறு அத்தியாயம் சாதாரணமாகப் போனது. ஏழாவதில் பச்சைக் கதவு வந்தது. திருகலாக ஏறும் பதிமூன்று மாடிப்படி வந்தது. அவளுக்கு லேசாக என்னவோ செய்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இது வந்தது:

'இவ்வீடுகளில் கணவனின் அக்காளும் மனைவியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்கிறார்கள். மூத்தவள் கூறுகிறாள்: "சுவரே, தண்ணீர் வந்துவிட்டது, பிடிக்க வேண்டியவர்கள் பிடிக்கலாம்." இளையவள் மறுமொழி தருகிறாள்: "சுவரே, எனக்குக் காது கேட்கும்." இரு பெண்களின் மோதலைத் தடுக்கும் தொன்மையான வழக்கம் இது, சுவர் இங்கே மூதாதையரின் காது. இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு வயதுப் பெண் குழந்தை அவர்களுக்கிடையே தவழ்ந்துகொண்டிருக்கிறது.'

மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். தழும்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

4.

அவள் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அப்பா காலமாகி எட்டு வருடம். அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபத்தாறு வயது. அத்தை, அப்பாவின் அக்கா, அறுபத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். (சுவரோடு பேசிய பெண் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவைக்கும் வேலைக்குப் போனாள் என்பது கதைக்காரன் வேண்டுமென்றே செருகியது போல இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "முப்பத்தொரு வருஷத்தை எப்படி எடுப்பீங்க?" என்றாள் மொழிபெயர்ப்பாளர்.)

இருவரும் கூடத்தில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. மடித்த துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. "நம்ம நோட்டம்மாவா! மூதாதையர் காதா! அடியே, அந்தச் சுவத்துல காலண்டர் ஆணிதான் இருந்துது."

"அத்தை, இதைக் காலேஜ்ல பாடமா வச்சிருந்தாங்க. நான் பரீட்சை எழுதினேன்."

"எத்தனை மார்க்கு?"

"அஞ்சுக்கு நாலு."

"ஒண்ணு எதுக்குக் குறைச்சான்? நேர்ல பார்த்த சாட்சி நீ."

அம்மா சிரிக்கவில்லை. ஒரே சட்டையை இரண்டாவது முறை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நிஜமாவே சுவத்துகிட்ட பேசினீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஆகல, பேசல. அதுக்குப் போய் வழக்கம், தொன்மைன்னு" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். அத்தை நில அளவை அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வர வேண்டும். வரவில்லை, வரவில்லை என்று தபால்காரரைத் தினமும் வழிமறித்தார். ஒருநாள் அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்தை மாற்றும்போது அடியில் கடிதம் இருந்தது. தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது அம்மா. "மறந்துட்டேன் அண்ணி" என்றாள். அவ்வளவுதான். பதினான்கு மாதம் பேச்சு நின்றது. மூன்றாம் மாதம்தான் நோட்டம்மா குடிவந்தாள்.

"இதை அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லாம? அந்த மாடிப்படியில உட்கார்ந்து, கடிதத்தையே கையில கொடுத்துச் சொன்னேன். அது புத்தகத்துல இல்லையா?"

இருந்தது. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இரண்டே வரி. மொழிபெயர்ப்பாளர் அதை வாசிப்பதற்கு முன்னால் ஒருமுறை மனதுக்குள் வாசித்தாள். பிறகு தப்பிக்க வழியில்லாமல் வாசித்தாள்.

'காரணம் கேட்டால் தொலைந்த கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார்கள். வழக்கத்தின் மூலத்தை அறியாதவர்கள் இத்தகைய கதைகளைப் பின்னாளில் புனைந்துகொள்வது இயல்பே.'

அத்தையின் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் பொய் சொன்னேங்கறாளா?"

மகள் புத்தகத்தை மூடினாள்.

"நீ மொழிபெயர்க்கறல்ல? அடியில ஒரு குறிப்பு போடு. கடிதம் நிஜம்னு போடு. பெரிசா வேண்டாம். ரெண்டு வார்த்தை."

5.

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத எனக்குக் கை அரித்தது. ஒரு பத்தியோடு விட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நம்மைப் பற்றி அவர்கள் எழுதிய புத்தகங்களில் நாம் எதையும் மறப்பதில்லை. கோபித்துக்கொள்வதில்லை. சோம்பலால் எதையும் தள்ளிப்போடுவதில்லை. எதைச் செய்தாலும் வழக்கப்படிதான் செய்கிறோம். அவர்கள் ஊரில் ஒருத்தி நாத்தனாரோடு பேசாவிட்டால் அது மனஸ்தாபம். நம் ஊரில் பேசாவிட்டால் அது பண்பாடு. அவர்களுக்கு நடப்பது ஒருவருக்கு நடக்கிறது, நமக்கு நடப்பது எல்லோருக்கும் எப்போதும் நடக்கிறது. இதைக் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. பலபேர் பாசத்தோடுதான் எழுதினார்கள். மூதாதையரின் காது என்பது எவ்வளவு அழகான தொடர்! காலண்டர் ஆணியைவிட எவ்வளவோ மேல். ஆனால் கடிதம் கைக்கு வராமல் போன ஒரு பெண்ணுக்கு அழகான தொடர் எதற்கு? அவளுக்குத் தேவை, சொன்னதை நம்பும் ஒரு ஆள்.

நோட்டம்மாவை ஒரு பிடி பிடித்துவிடுவது என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எனக்கு வில்லி தயாராக இருந்தாள். அடுத்த பகுதி அதைக் கெடுத்துவிட்டது.

6.

பதிப்பாளர் எதற்கும் கலங்காத மனிதர். "குறிப்பு போடலாம், தாராளமா. ஆனா ஒப்பந்தப்படி அந்தம்மா சம்மதிக்கணும்" என்றார். அவரிடமே முகவரி வாங்கி மொழிபெயர்ப்பாளர் மின்னஞ்சல் எழுதினாள். தான் யார், புருவத்தில் தழும்புள்ளவள் யார், அத்தை என்ன கேட்கிறார் என்று எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி: அந்தக் கடிதத்தை நீங்கள் நம்பவில்லையா?

மூன்று வாரம் பதில் இல்லை. அத்தை தினமும் கேட்டார். அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. பதில் வந்தபோது சிறியதாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் எனக்கு அதைக் காட்டினாள், இப்படி இருந்தது:

'என் வயது எழுபத்துநான்கு. உங்கள் கேள்வியை முப்பத்தொன்பது வருடமாக யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். எத்தனையோ கருத்தரங்கில் பேசினேன், யாரும் கேட்கவில்லை. இதற்கு நான் பதில் சொன்னால், அந்த வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மீறியவளாவேன். அந்த வாக்கு இன்னும் முடியவில்லை. தயவுசெய்து உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். குறிப்பில் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம்.'

மொழிபெயர்ப்பாளர் மடிக்கணினியை மூடிவைத்தாள்.

7.

அம்மாவை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வரைவில் அம்மாவைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். மறு வரைவில், பாவம், சூழ்நிலைக் கைதி ஆக்கினேன். இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் வாசித்துவிட்டு, "எங்கம்மா கணக்கு டீச்சர். அவ்வளவு டயலாக் பேச மாட்டாங்க" என்றாள். ஆகவே அவள் சொன்னதைச் சொன்னபடி வைக்கிறேன்.

அந்த வாரம் அம்மாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கண்ணில் சொட்டுமருந்து விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நீளமான கூடம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், வரிசையாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். கண்ணைத் திறக்க முடியாத ஒருவரிடம் கேட்பது சுலபமாக இருக்கும் என்று மகளுக்குத் தோன்றியது.

"அம்மா, நோட்டம்மாகிட்ட நீ என்ன சொன்ன?"

மூடிய கண்ணோடு, "மறக்கல. மறைச்சேன்" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"எனக்கு அப்ப தற்காலிக வேலை. மூணு மாசத்துல நிரந்தரம் பண்றதா ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தாங்க. நீ ஒரு வயசு. உன்னைப் பார்த்துக்க அண்ணியை விட்டா ஆள் இல்லை. அவங்க வேலைக்குப் போனா நான் வீட்டுல உட்காரணும்." கண்ணோரம் வழிந்த மருந்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டாள். "கொஞ்ச நாள் கழிச்சுக் கொடுக்கலாம்னு தட்டுக்கு அடியில வச்சேன். உள்ள தேதி என்னன்னு பார்க்கல."

"நோட்டம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"ஒருநாள் மாடியில துணி எடுக்கப் போனேன். என்னமோ அவகிட்ட சொல்லி அழுதுட்டேன். ஊரை விட்டுப் போறவதானேன்னு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எழுத மாட்டேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா."

அதாவது நோட்டம்மாவிடம் உண்மை இருந்தது. எழுதினால் ஒருத்தியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் அத்தியாயத்துக்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாத அத்தியாயத்தை எந்தப் பேராசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எட்டும் தூரத்தில் 'வழக்கம்' என்ற சொல் இருந்தது. அதை எடுத்துப் போர்த்திவிட்டாள். எங்கள் சனங்களுக்கு அது எப்போதுமே பொருந்திவிடும்.

(நான் இவ்வளவு நேரம் 'நம்மைப் பற்றி' என்று எழுதிவிட்டு இங்கே 'எங்கள்' என்று எழுதியிருக்கிறேன். வாசிப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.)

"நீ சொல்லாதே. அண்ணிகிட்ட நானே சொல்றேன்" என்றாள் அம்மா.

8.

அன்றைக்கே சொன்னாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, பாடம் ஒப்பிப்பது போல, மருத்துவமனையில் சொன்ன அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அத்தை உள்ளே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கூடத்திலிருந்தே கேட்டாள். முடிந்ததும் அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தேதியைப் பார்க்கலையா, பார்த்தியா?"

அம்மா வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"பார்த்தேன் அண்ணி."

அத்தை பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் பேச்சில்லை. சுவருக்குக்கூட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அத்தை குளித்தார், செய்தித்தாள் படித்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மாவைக் கூடத்து நாற்காலிகளில் ஒன்றாகப் பாவித்துச் சுற்றிப் போனார். அம்மா தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட மாணவி மாதிரி நடமாடினாள். நடுவில் மாட்டிக்கொண்ட மகள் நாற்பத்திரண்டு வயதில் மறுபடி தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அத்தையின் குரல் கேட்டது. "ஏய், என் கண்ணாடியை எங்க வச்ச?"

"ஃப்ரிட்ஜ் மேல இருக்கு அண்ணி!"

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அம்மாவின் எதிரே வந்து நின்றார். "ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை கிடைச்சுது. நல்லாவே இருந்தேன். என் கீழ நாப்பது பேர் இருந்தாங்க. அந்த வேலைக்குப் போயிருந்தா இது வந்திருக்காது. அது வேற கணக்கு. ஆனா நீ செஞ்சது தப்பு."

"தப்புதான் அண்ணி."

"சொல்றதுக்கு நாப்பது வருஷமா?"

"பயமா இருந்துது."

"என்கிட்டயா?" அத்தைக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததோ என்று மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சந்தேகம். "சரி. கண்ணாடியை இனிமே ஃப்ரிட்ஜ் மேல வைக்காதே."

இங்கே இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதியிருந்தேன். "யாரும் அழலை. டீ போட்டோம்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். அடித்துவிட்டேன்.

9.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை நோட்டம்மாவோடு பேச வேண்டும் என்றார். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இணைப்பு கொடுத்தாள் மகள். திரையில் வெள்ளை முடியும் பெரிய கண்ணாடியுமாக ஒரு முகம் வந்தது. நம் மொழியை அவள் மறக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் படித்த மொழி. நாற்பது வருடம் பெட்டியில் வைத்து எடுத்த துணி போல மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நான் நலம். தாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறீர்களா?"

"இருக்கோம், இருக்கோம். முடியெல்லாம் நரைச்சுப்போச்சே உங்களுக்கு" என்றார் அத்தை. பிறகு ஓரமாக ஒதுங்கி நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"நானே சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "உங்க சத்தியம் முடிஞ்சுது."

திரையில் இருந்த முகம் கண்ணாடியைக் கழற்றியது.

அத்தை விடவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம், அன்னையிலேர்ந்து. வியாழக்கிழமையானா நீங்க கதவைச் சாத்திக்குவீங்களே, ஏன்? உங்க ஊர்ல வியாழக்கிழமை பேசக்கூடாத நாள்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு. பசங்களைக்கூட இந்தப் பக்கம் விளையாட விடமாட்டோம்."

நோட்டம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "வியாழக்கிழமை எனக்குத் தபால் வரும். அப்பொழுது என் மகளுக்கு நான்கு வயது. என் தாயாரிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தேன். மகள் வரைந்த படங்கள் வரும். நான் கதவை மூடி அழுவேன்."

ஆராய்ச்சியில் தெரு மட்டும் என்ன குறைச்சல்? ஒருத்தி அழுததை ஒரு நாட்டின் வழக்கம் என்று பதினொரு மாதம் நம்பியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: தெருவின் ஆராய்ச்சியை யாரும் கெட்டி அட்டை போட்டு அச்சடிக்கவில்லை. அவள் நாட்டுப் பிள்ளைகள் யாரும் 'வியாழன் மௌனம்: விளக்குக' என்று பரீட்சை எழுதவில்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தை.

"தாங்கள் கேட்கவில்லை."

"நீங்க கேக்காமலே நான் சொன்னேன். கடிதத்தைக் கையில கொடுத்துச் சொன்னேன். நீங்க நம்பலைன்னு எழுதிட்டீங்க."

"நம்பினேன்." அந்த மடிப்புக் கலையாத மொழி முதல்முறையாகத் தடுமாறியது. "நம்பினதாலதான் அப்படி எழுதினேன். இவங்களைக் காப்பாத்தணும்னு உங்களைப் பொய்யாக்கிட்டேன். அதுக்கு எனக்குப் பரிசெல்லாம் கொடுத்தாங்க. மன்னிச்சுக்குங்க."

அவ்வளவும் பேச்சுத் தமிழில் வந்தது. எங்கே வைத்திருந்தாளோ இத்தனை நாள்.

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். "இப்ப மக எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

பிறகு முக்கால் மணி நேரம் அந்த மகளைப் பற்றியே பேச்சு. யாரும் குறிப்பு எடுக்கவில்லை.

10.

முடிவுக்கு வந்துவிட்டேன், என்னிடம்தான் முடிவு இல்லை.

வரைவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எழுதப்பட்டவர்களிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று இந்தக் கதையை எழுதும்போதுதான் முடிவு செய்திருந்தேன். கொஞ்சம் தாமதமான ஞானம். வாசல்படி ஏறும்போதே உள்ளே சண்டை கேட்டது. மொழிபெயர்ப்பாளர் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க. காலையிலேர்ந்து இப்படித்தான்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

சண்டை அடிக்குறிப்பைப் பற்றி. பதிப்பாளர் நான்கு வரி கொடுத்திருக்கிறார். பெரும்பகுதி எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் நிற்கிறது.

"கடிதம் நிஜம், 'தாமதமாகக் கிடைத்தது'ன்னு போட்டாப் போதும்" என்றார் அத்தை. "எனக்கு வேண்டியது நான் பொய் சொல்லலைங்கறது. அதுக்கு மேல ஊருக்கு எதுக்கு?"

"தானா தாமதமாகல அண்ணி. 'மறைக்கப்பட்டது'ன்னு போடணும். விடை தப்புன்னா தப்புன்னுதான் போடணும்."

"உன்னைக் காட்டிக்கொடுக்கவாடி நான் குறிப்பு கேட்டேன்?"

"என்னைக் காப்பாத்தப் போய்த்தான் ஒருத்தி நாப்பது வருஷம் தப்பா எழுதி வச்சா. நீங்களும் அதையே பண்ணாதீங்க."

"நீ பேசாதே!"

"பேசுவேன்! பேசாம இருந்ததுதான் தப்பாச்சு!"

நேருக்கு நேர், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என்னைப் பார்த்ததும் அத்தை, "நீங்க எழுத்தாளர்தானே, நீங்க சொல்லுங்க. எந்த வார்த்தை?" என்றார். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக இப்படிக் கேட்டால் எனக்கு வாய் நிறைய பதில் இருக்கும். அன்று குறிப்பேட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒரு டீ கிடைக்குமா?" என்றேன்.

இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அத்தை ஜெயிக்கிறார். அம்மாவின் மானம் தப்புகிறது, புத்தகத்தில் அரை உண்மை நிற்கிறது. மற்றதில் அம்மா ஜெயிக்கிறாள். உண்மை முழுசாகிறது, பழைய மாணவிகள் தெருவில் டீச்சரைப் பார்த்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டில் எது சரி என்று, அவர்கள் வாழ்ந்த வீட்டைப் பற்றி வெளியாள் ஒருவன் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி. அதற்காக உங்களிடம் கொடுப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனால் இவ்வளவு தூரம் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள்.

குறிப்பு இது:

*'"தொலைந்த கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார்கள்": அந்தக் கடிதம் உண்மை. அது ........................ . இந்த அத்தியாயத்தில் உள்ளது எங்கள் வழக்கம் அல்ல. எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது.'*

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும். புள்ளியிட்ட இடத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. எதை எழுதுவதானாலும், எழுதும் முன் அந்தப் பச்சைக் கதவைத் தட்டி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் நல்லது. அதுவரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.